யாரும் தொடாத தலைப்பு

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. முடித்து, ஆர்.என்.ஏ. ஆய்வகம் ஒன்றில் பிஎச்.டி. சேர்ந்திருக்கிறேன். நல்ல தலைப்புகளைச் சீனியர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் தொடாத ஒன்று எனக்கு மிஞ்சியது. "இதில் பேப்பரே வராது" என்கிறார்கள். வீட்டிலோ கல்யாணப் பேச்சு. அமெரிக்க ஆர்.என்.ஏ. விஞ்ஞானி ஜோன் ஸ்டைட்ஸ் பற்றி முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருக்கும் இப்படித்தானா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

ஏறக்குறைய இப்படித்தான். ஹார்வர்டில் அவர் முதலில் அணுகிய பேராசிரியர், பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபின் பிஎச்.டி. எதற்கு என்று கேட்டு மறுத்துவிட்டார். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் சேர்த்துக்கொண்டார். அவர் ஆய்வகத்தின் முதல் மாணவி ஸ்டைட்ஸ்தான். பட்டம் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போனால், அங்கே மேசைக்கு இடமில்லை, நூலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை எதையாவது எடுத்துக்கொள் என்றார்கள். அவர் அதற்குச் சம்மதிக்காமல், மற்றவர்கள் கடினம் என்று விட்டுவைத்திருந்த கேள்வியைக் கையில் எடுத்தார்.

கேள்வி இது. மரபணுவின் செய்தியைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.யில் ஏ.யு.ஜி. என்ற மூன்றெழுத்து பல இடங்களில் வருகிறது. அவற்றில் எதிலிருந்து புரதம் கட்டத் தொடங்குவது என்று, செல்லில் புரதம் கட்டும் எந்திரமான ரைபோசோமுக்கு எப்படித் தெரிகிறது? ஆர்17 என்ற வைரஸின் ஆர்.என்.ஏ.யில் ரைபோசோமை உட்காரவைத்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நொதியால் வெட்டினார். ரைபோசோம் மறைத்துக் காத்த துண்டின் எழுத்துகளை மட்டும் படித்தார். படிக்கும் கருவி இல்லாத காலத்தில் அப்படிப் படிப்பது பெரும்பாடு. புரதம் தொடங்கும் இடங்களின் எழுத்துவரிசை 1969-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அங்கிருந்த ஆண்கள் ஏன் அதைத் தொடவில்லை? ஊர் திரும்பி வேலை வாங்க அவர்களுக்குப் பேப்பர் வேண்டும். தனக்குப் பேராசிரியர் வேலை கிடைக்கும் என்றே ஸ்டைட்ஸ் நினைக்கவில்லை, அதனால் தோற்றாலும் நஷ்டமில்லை. அந்தத் துணிச்சலை மெச்சுகிறேன். அதைக் கொடுத்த அநீதியை மெச்ச மாட்டேன். உங்களுக்கு வேலை வேண்டும். ஆகவே, அந்தத் தலைப்பைக் கருவி இல்லாததால் விட்டார்களா, மவுசு இல்லாததால் விட்டார்களா என்று முதலில் விசாரியுங்கள். மவுசுதான் காரணம் என்றால் தயங்காமல் இறங்குங்கள். கருவிதான் இல்லை என்றால், பக்கத்தில் சிறிய, முடியக்கூடிய வேலை ஒன்றையும் கைடிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவி எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். மரபணுவின் நடுவே புரதத்துக்குத் தேவையற்ற பகுதிகள் இருப்பதும், செல் அவற்றை ஆர்.என்.ஏ.யிலிருந்து வெட்டி ஒட்டுவதும் 1977-இல் தெரிந்தது. வெட்டுவது எது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டைட்ஸின் மாணவர் மைக்கேல் லெர்னர் மருத்துவமும் சேர்த்துப் படித்தவர். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில், தங்கள் செல்லையே தாக்கும் ஆன்டிபாடிகள் இருக்கும். அவற்றைக் கொண்டு செல்லின் கருவிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.–புரதத் துகள்களைப் பிடித்தார்கள். அவற்றில் யு1 என்ற ஆர்.என்.ஏ.யின் முனை, வெட்ட வேண்டிய இடத்தின் எழுத்துகளோடு ஜோடி சேரக்கூடியதாக இருந்தது. வெட்டுவதில் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்று 1980-இல் எழுதினார்கள். தண்டுவடத் தசைச் சிதைவு (எஸ்.எம்.ஏ.) நோய்க்கு 2016-இல் அமெரிக்கா அனுமதித்த நுசினெர்சென் மருந்து, இந்த வெட்டி ஒட்டும் வேலையைத்தான் திருத்துகிறது.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். ஸ்டைட்ஸும் மணமானவர், ஒரு மகனை வளர்த்தவர். கணவர் டாம் ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனோடும் அடா யோனத்தோடும் 2009-இல் ரைபோசோமுக்காக நோபல் பெற்றவர். 1970-இல் கணவன் மனைவி இருவருமே யேலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வரன் பார்க்கும்போது, போஸ்ட்டாக் என்கிற பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்கு நீங்கள் வேறு ஊர் போனால் மாப்பிள்ளையும் வருவாரா என்று உங்கள் அம்மாவையே நேராகக் கேட்கச் சொல்லுங்கள்.