மூடைக்கு எத்தனை குளிசை?

கேள்வி: ஐயா, வெல்லாவெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். மாரிப்போகத்து நெல்லில் 60 மூடையை விலை கூடட்டும் என்று வீட்டு உள்ளறையில் அடுக்கி வைத்தேன். மூன்று மாதம்தான் ஆகிறது. அறையைத் திறந்தால் அந்து பறக்கிறது, மூடைகளின் அடியில் மாவு கொட்டிக் கிடக்கிறது. வரும் மாரிக்கு வைத்த ஆறு மூடை விதைநெல்லும் அதற்குள்தான். மருந்துக் கடைக்காரர் டின்னிலிருந்து கொஞ்சம் குளிசை எடுத்துப் பொலித்தீனில் சுற்றித் தந்தார். மூடைக்கு ஒன்று போட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ஒன்று போதுமா, இரண்டு போடவா? அடுத்த அறையில் அம்மாவும் பிள்ளைகளும் படுப்பதால் கேட்கிறேன்.

பதில்: தம்பி, ஒன்றும் போடாதீர்கள். அரைக் குளிசைகூட வேண்டாம். பொலித்தீனைப் பிரிக்காமல், ஈரம் படாமல், இன்றைக்கே வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான கொட்டிலில் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது, தண்ணீர் ஊற்றி அழிக்கவும் கூடாது. அப்புறம் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அந்தக் குளிசை அலுமினியம் பொஸ்பைட். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பொஸ்பீன் என்ற வாயு கிளம்பும். 3 கிராம் குளிசை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். கதவின் கீழ் இடுக்கு, கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி எல்லாவற்றாலும் அது அடுத்த அறைக்குப் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அடுத்த அறையில் படுத்திருந்த குடும்பம் விடியும்போது உயிரோடு இல்லை என்ற சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. திறந்த டின்னிலிருந்து எண்ணி எடுத்து, 'நெல் எங்கே கிடக்கிறது, யார் பக்கத்தில் படுக்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்த அந்தக் கடைக்காரர் செய்தது பாவம். இதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை.

வீட்டை விடுங்கள், பூச்சிக்காவது வேலை செய்யுமா? அதுவும் செய்யாது. பொஸ்பீன் வேலை செய்ய நெல்லைக் காற்றுப்போகாத விரிப்பால் மூடி, ஓரத்தை மணல் பாம்பு (மணல் நிரப்பிய நீளப் பை) போட்டு அழுத்தி, ஒரு வாரமளவில் வைத்திருக்க வேண்டும். அது பயிற்சி பெற்றவர்கள் களஞ்சியத்தில் செய்கிற வேலை. வாயு கசியும் அறையில் பறக்கிற பூச்சி சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பும். தப்பியதன் பிள்ளைகள் அடுத்த முறை குளிசைக்கு மசியாது. தானியத் துளைப்பான் வண்டு பொஸ்பீனுக்குப் பழகிவிட்டது என்று உலக உணவு விவசாய அமைப்பின் கணக்கெடுப்பு 1970களிலேயே காட்டிவிட்டது.

சரி, நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. அறுத்த அன்று அந்த நெல்லில் எவ்வளவு ஈரம் இருந்தது? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. வெட்டுமெசினிலிருந்து நேரே உரப்பைக்குள் விழுந்து வீட்டுக்கு வந்த நெல் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முன்பு கதிரை வெட்டி உப்பட்டியாகப் போட்டோம், வெயில் பட்டது. கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்தோம், காற்றுப் பட்டது. களவெட்டியில் அடித்துத் தூற்றி நெல் வீட்டுக்கு வரும்போது பாதி காய்ந்திருக்கும். மெசின் இந்த இடைநாட்களையெல்லாம் விழுங்கிவிட்டது. 20 முதல் 24 சதவீத ஈரத்தோடு நெல் பைக்குள் போகிறது. வைத்திருக்கிற நெல்லுக்கு 14க்கு மேல் ஈரம் கூடாது, விதைநெல்லுக்கு 13க்குக் கீழே வேண்டும். மெசினை நான் குறை சொல்லவில்லை, ஆள் கிடைக்காத காலத்தில் அது வேண்டும். ஆனால் மெசினில் வெட்டியவர் படங்கு விரிக்காமல் தப்ப முடியாது. விரித்துக் காயவைத்த நெல்லுக்குக் குளிசை தேவைப்படுவது அபூர்வம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

ஈரம் பார்க்க மானி இல்லையென்றால் உப்பு இருக்கிறது. வெயிலில் உலர்த்திய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு நெல் போடுங்கள். ஒரு கரண்டி நன்றாகக் காய்ந்த தூள் உப்பைச் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். கால் மணித்தியாலம் வைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உப்பு மணிகள் கண்ணாடியில் ஒட்டி நின்றால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் கீழே உருண்டால் 15க்குக் கீழே வந்துவிட்டது, இன்னும் ஒரு வெயில் காட்டினால் போதும். வீட்டில் பிள்ளைகளே இதைச் செய்வார்கள்.

காயவைக்கிற இடம் தார் ரோட்டு வேண்டாம். சில்லு ஏறி உமி வெடிக்கும், கல்லும் சேரும். படங்கில் இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிளறி, பின்னேரம் நெல் ஆறிய பிறகு மூடையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்க்கும். இப்போது காய்ந்த கச்சான் காற்று வீசுகிறது, இதைவிட நல்ல காலம் உங்களுக்குக் கிடைக்காது.

உமியையும் பாருங்கள். ஒரு பிடி நெல்லைச் சுளகில் கொட்டி, எத்தனை மணி வாய் பிளந்திருக்கிறது என்று எண்ணுங்கள். முழு உமி நெல்லின் கவசம். அந்தின் புழு முட்டையிலிருந்து வந்ததும் மணிக்குள் நுழைய இடுக்குத் தேடும். மெசினின் உருளை வேகமாகச் சுற்றினால் அந்த இடுக்கை நாமே திறந்து கொடுக்கிறோம். அடுத்த முறை வெட்ட வரும்போது முதல் பையை அவிழ்த்துப் பார்த்து, பிளவு கூடவென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மணித்தியாலக் கூலி கொடுப்பவர் நீங்கள்.

உங்களிடம் இருப்பது ஒரு பூச்சியல்ல, இரண்டு. பறக்கிறது அந்து. அது நெல்லைத் தின்னாது, முட்டையிட்டுச் சாகும். தின்பது மணிக்குள் இருக்கும் புழு, அந்தாகி வெளியேறும்போது வட்டமாக ஒரு துளை விட்டுப் போகும். இந்தச் சூட்டில் ஐந்து கிழமைக்கு ஒரு தலைமுறை. மாவு கொட்டுவது துளைப்பான் வண்டு. தலையைக் கழுத்துக்குள் மடித்த, 3 மில்லிமீட்டர் நீளமான, உருளையான கரும்பழுப்பு வண்டு அது. புழுவும் தின்னும், வண்டும் தின்னும். காய்ந்த நெல்லிலும் இது பிழைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லவேண்டும். அதனால்தான் காயவைப்பதோடு துப்புரவும் வேண்டும்.

60 மூடையையும் வெளியே எடுங்கள். மாவு அதிகம் கொட்டுகிற மூடைகளைப் பிரித்து, காயவைத்துப் புடைத்து, சாப்பாட்டுக்கு அவித்துக் குத்துங்கள். அவிக்கிற சூட்டில் மணிக்குள் இருக்கும் முட்டை, புழு எல்லாம் சாகும். மீதியை வெயில் காட்டித் தூற்றி விற்றுவிடுங்கள். விலை இன்னும் கூடும் என்று காத்திருக்காதீர்கள், பூச்சி தின்கிற எடைக்கு யாரும் விலை தரமாட்டார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 சதவீத ஈரம்தான் கேட்கிறது, காயவைத்த உழைப்பு வீண்போகாது. அறையின் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, கூட்டிய குப்பையை எரித்துவிடுங்கள். பழைய பைகளைக் கொதிநீரில் முக்கிக் காயவையுங்கள். இனி அடுக்கும்போது கீழே பலகை, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. வேப்பிலை போடலாமா என்று கேட்பீர்கள். காய்ந்த இலை கொஞ்சம் விரட்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது. பச்சை இலை ஈரத்தைத்தான் சேர்க்கும்.

விதைநெல்லுக்குக் காற்றுப்புகாப் பை வாங்குங்கள். 50 கிலோ கொள்ளும், வழமையான சாக்குக்குள் வைத்துக் கட்டுவது. உள்ளே இருக்கும் பூச்சி மூச்சுவிட்டே ஒட்சிசனைத் தீர்த்துவிடும், பிறகு தின்னாது, பெருகாது. இரண்டு எச்சரிக்கை. ஈரநெல்லைப் போட்டால் புழுங்கி முளை செத்துவிடும். வண்டோடு போட்டால் பையைத் துளைத்துவிடும். ஆகவே காயவைப்பு, புடைப்பு, உப்புப் போத்தல், அதன் பிறகே பை.

பையில் கட்டுமுன் நூறு மணி எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி ஏழு நாள் வைத்து முளையை எண்ணுங்கள். 80க்குக் கீழே வந்தால் அந்த நெல்லை விதைக்க வைக்காதீர்கள், இப்போதே உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் விதைநெல்லுக்குச் சொல்லி வையுங்கள். 80க்கு மேல் வந்தாலும் ஆறு மூடை வேண்டாம். ஏக்கருக்கு இரண்டு புசல் (ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோ) என்றால் ஐந்து ஏக்கருக்கு 65 கிலோ மூடை மூன்றும் கொஞ்சமும்தான். நெருக்கி விதைத்த வயலில்தான் பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சி முதலில் இறங்கும்.