சுனாமி, புயல், பூகம்பம் எல்லாம் ஆண்டவரோட தண்டனையா? உங்க கேள்விகளுக்கு என் பதில்

டிசம்பர் 26 நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துடும். இந்த தடவை நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால சேர்த்தே பதில் போடுறேன். நான் வேதபாட வகுப்பு எடுக்கிறவன், விஞ்ஞானி இல்ல. ஆனா விஞ்ஞானம் சொல்றதையும் படிச்சுட்டுத்தான் எழுதுறேன்.

கேள்வி: ஐயா, 2004 சுனாமி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்துச்சு. பண்டிகைல குடிச்சு கூத்தடிச்சதுக்கு கர்த்தர் கொடுத்த அடின்னு எங்க ஊர் கூட்டத்துல ஒரு ஊழியக்காரர் பேசினார். அப்படியா?

பதில்: இல்ல தம்பி. அன்னைக்கு அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் செத்தது யாரு? கரையில வேலையா நின்ன மீனவங்க, மீன் விக்கிற பொம்பளைங்க, ஞாயித்துக்கிழமை லீவுன்னு விளையாடிட்டு இருந்த பிள்ளைங்க. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல கைக்குழந்தைங்க இருந்துச்சு, அதுங்க என்ன குடிச்சுச்சு, என்ன கூத்தடிச்சுச்சு? லூக்கா 13ஐ எடுத்துப் படிங்க. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்களே, எருசலேம்ல இருக்கிற மத்த எல்லாரையும் விட அவங்க பெரிய குற்றவாளிங்களான்னு இயேசுவே கேட்டு, அப்படியில்லன்னு அவரே பதிலும் சொல்லிட்டார். அதோட விடல, நீங்க மனந்திரும்புங்கன்னு எதிர்ல நின்னு கேட்டவங்களைப் பார்த்து சொன்னார். செத்தவனோட பாவத்தை ஆராய வந்தவனை அவனோட சொந்தப் பாவத்தை பார்க்க சொல்லி அனுப்பிட்டார், அதுக்கப்புறமும் மைக் பிடிச்சு செத்தவங்க மேல பழி போடுறவங்க எந்த வேதத்தை வெச்சுப் பேசுறாங்கன்னு எனக்கு நிஜமாவே புரியல.

கேள்வி: அப்போ நோவா காலத்து ஜலப்பிரளயம், சோதோம் கொமோரா? அதெல்லாம் தண்டனைதானே பிரதர்?

பதில்: ஆமா, வேதம் அதை நியாயத்தீர்ப்புன்னுதான் சொல்லுது, நான் மறைக்கல. ஆனா அங்க ஆண்டவர் முன்னாடியே சொல்றார். நோவாகிட்ட சொன்னார், ஆபிரகாம்கிட்ட சொன்னார். தீர்க்கதரிசிகளுக்கு வெளிப்படுத்தாம அவர் ஒண்ணும் செய்யமாட்டார்னு ஆமோஸ் 3:7ல இருக்கு. தண்ணி வடிஞ்சு பிணத்தை எடுத்துட்டு இருக்கிறப்போ காரணம் சொல்ல வர்றது தீர்க்கதரிசனம் இல்ல. இன்னொண்ணு, சோதோம் அழியப்போகுதுன்னு கேட்டதும் ஆபிரகாம் சந்தோஷப்பட்டாரா? 50 நீதிமான் இருந்தா, 45 இருந்தா, 40 இருந்தான்னு 10 வரைக்கும் இறங்கி வந்து அந்த ஊருக்காக மன்றாடினார். மனந்திரும்பின நினிவே ஊர் அழியாம தப்பிச்சதுல எரிச்சல்பட்டவர் யோனா தீர்க்கதரிசி, அவரைத்தான் ஆண்டவர் கண்டிச்சார்.

கேள்வி: தண்டனை இல்லன்னா ஏன் இவ்வளவு பேர் சாகணும்?

பதில்: பூமியோட மேல்பகுதி பெரிய பெரிய பாறைத் தட்டுகளா இருக்கு. சுமத்ரா பக்கத்துல கடலுக்கு அடியில இந்தியத் தட்டு பர்மா தட்டுக்குக் கீழ சொருகிட்டுப் போகுது. பல வருஷமா சேர்ந்த அழுத்தம் அன்னைக்கு நம்ம நேரம் காலை 6:28 மணி வாக்குல பூகம்பமா வெடிச்சுச்சு, 9.1 அளவு. அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல ஓடுங்கன்னு சொல்ல இந்தியப் பெருங்கடலுக்கு ஒரு எச்சரிக்கை அமைப்பு கிடையாது. ஐதராபாத்ல சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007லதான். ஒடிசாவைப் பாருங்க, 1999 சூப்பர் புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. 2013ல ஃபைலின் புயல் வந்தப்போ முன்கூட்டியே லட்சக்கணக்கான ஜனங்களை அப்புறப்படுத்தினதால சாவு நூறைக்கூட தொடல. 14 வருஷத்துல ஒடிசாக்காரங்க பாவம் குறைஞ்சு போச்சா? இல்லயே, புயல் பாதுகாப்பு கட்டடம் வந்துச்சு, எச்சரிக்கை நேரத்துக்கு வந்துச்சு. ஆனா பூமி ஏன் இப்படி இருக்கு, ஆண்டவர் ஏன் தடுக்கலன்னு நீங்க கேட்டா, வேதத்துல பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவுக்கே அதுக்குக் காரணம் சொல்லப்படல. என்கிட்டயும் இல்ல.

கேள்வி: வேளாங்கண்ணில கோயிலுக்குள்ள தண்ணி வரலயே, அது அற்புதம் இல்லயா?

பதில்: உள்ள இருந்தவங்க உயிர் தப்பினதுக்கு நன்றி சொல்றதுல தப்பே இல்ல. ஆனா வெளிய கடற்கரையில, கடைத்தெருவுல செத்தவங்கள்ல நிறைய பேர் அதே மாதாவைக் கும்பிட வந்த யாத்ரீகர்கள்தான். அவங்க குடும்பம் கேக்குற மாதிரி இதைப் பேசாதீங்க.

கேள்வி: இந்த தண்டனைப் பேச்சு நம்ம ஆளுங்ககிட்ட மட்டும்தானா?

பதில்: இல்ல. 1934 பீகார் பூகம்பத்தை தீண்டாமைப் பாவத்துக்கு வந்த தண்டனைன்னு காந்தியே சொன்னார், தாகூர் அதை வெளிப்படையா மறுத்தார். தீண்டாமை கொடும்பாவம்தான், ஆனா இடிபாட்டுல நசுங்கினவங்கள்ல தீண்டாமையால அடிபட்டவங்களும் இருந்தாங்களே.

கேள்வி: மத்தேயு 24ல பூகம்பம் கடைசி கால அடையாளம்னு இருக்கே?

பதில்: அதே அதிகாரத்துல கலங்காதிருங்கள்னும் இருக்கு. தேதி கணக்குப் போடுறவங்க வீடியோவை தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

கேள்வி: பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாகிட்ட என்ன சொல்றது அண்ணே?

பதில்: ஒண்ணும் சொல்லாதீங்க சிஸ்டர், கூட உக்காருங்க. யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் தரையில சும்மா உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வாயைத் திறந்து "நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப"ன்னு ஆரம்பிச்சாங்க, கடைசியில ஆண்டவர் அவங்க மேலதான் கோபப்பட்டார். "ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டுச்சு"ங்கிற வசனம் வேதத்துல எங்கயும் இல்ல, அதைச் சொல்லவே சொல்லாதீங்க. சோறு கொண்டுபோங்க, அந்தம்மா பிள்ளை பேரைச் சொல்லி அழுதா நீங்களும் அந்தப் பேரைச் சொல்லிப் பேசுங்க.

கேள்வி: எங்க சபையில நிவாரணம் கொண்டுபோகப் போறோம், கூடவே சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?

பதில்: என் அபிப்ராயம், வேண்டாம். பசியில நிக்கிறவன் கையில அரிசியோட சேர்த்துக் கொடுத்தா அது பேரம் மாதிரி ஆயிடும். அப்போஸ்தலர் 11ல பஞ்சம் வரப்போகுதுன்னு அகபுங்கிற தீர்க்கதரிசி சொன்னதும் அந்தியோகியா சபை யார் பாவத்துக்குன்னு கேக்கல, அவங்கவங்க சக்திக்குத் தக்க பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004ல நாகை ரோட்டோரத்துல லாரி லாரியா கொட்டின பழந்துணி யாரும் தொடாம குவியலா கிடந்துச்சு, மானத்தோட உழைச்சு வாழ்ந்த ஜனங்க அதை ஏன் எடுக்கணும்? போறதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்ககிட்ட போன் பண்ணிக் கேளுங்க, பாத்திரமா, நாப்கினா, குழந்தைக்கு பால் பவுடரான்னு. அப்புறம் கடைசியா இருக்கிற தெருவுக்கும் போங்க. சுனாமி முகாம்கள்லயே தலித் குடும்பங்களை ஒதுக்கினதா அப்பவே செய்தி வந்துச்சு, லாரி மெயின் ரோட்டுல நின்னுட்டா அவங்களுக்கு ஒண்ணும் போய்ச் சேராது.