காசு வாங்காத இசை லேபிள்: கேள்வி பதில்

டிரோன் (நீண்டு நிற்கும் ஒலி), நாய்ஸ் (இரைச்சலே இசை), களப்பதிவு (வெளியிடங்களில் பதிந்த ஒலி), சிப்டியூன் (பழைய கணினி விளையாட்டுச் சில்லு ஒலி), ஒலிக் கொலாஜ் (பல ஒலித் துண்டுகளை ஒட்டியது) என்று கடைகளில் விலைபோகாத இசையை இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுக்கும் சிறு நெட்லேபிள்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் வழக்கத்துக்கு மாறாக இசை செய்கிறார்கள். லேபிள் தொடங்க முதலில் என்ன வேண்டும்?

லோகோவும் இணையதளமும் கடைசி வேலை. முதலில் பட்டியல் எண், உரிமம், கோப்புகளை வைக்க இரண்டு இடம். இந்த மூன்றையும் முடிவு செய்யுங்கள். எண்ணை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் பத்தாவது வெளியீடு பல இடங்களில் 1-க்கு அடுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கைவிட்ட வெளியீட்டின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பழைய எண்ணைச் சொல்லி யாராவது எங்காவது எழுதியிருப்பார்கள்.

மூன்று வெளியீடுகள் முழுசாகத் தயாராகும்வரை லேபிளை அறிவிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கையில் வைத்துத் தொடங்கினால், இரண்டாவதைத் தேடுவதற்குள் உற்சாகம் வடிந்துவிடும்.

கேள்வி: கிரியேட்டிவ் காமன்ஸில் ஆறு உரிமங்கள் இருக்கின்றன. ‘வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றவும் கூடாது’ என்பதை எடுத்தால் பாதுகாப்புதானே?

யாரிடமிருந்து பாதுகாப்பு? உங்கள் இசையைத் திருடிப் பணக்காரர் ஆக யாரும் வரிசையில் நிற்கவில்லை. அந்த உரிமத்தால் உண்மையில் விலகிப்போவது குறும்பட மாணவரும், நடனக் குழுவும், ரீமிக்ஸ் செய்பவரும்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: காட்சியோடு இசையைப் பொருத்துவதையே இந்த உரிமங்கள் ‘தழுவல்’ என்று எடுத்துக்கொள்கின்றன. மாற்றக்கூடாது என்ற என்டி நிபந்தனை போட்டால், இசையில் ஒரு நொடிகூட வெட்டாமல் அப்படியே வீடியோவுக்கு அடியில் ஓடவிட்டு வெளியிட்டாலும் மீறல்தான். வணிகம் கூடாது என்ற என்சி நிபந்தனையில் வேறு குழப்பம். விளம்பரம் ஓடும் பக்கம் வணிகமா, சந்தா வாங்கும் வானொலி வணிகமா என்று நேர்மையானவர்கள் தலையைச் சொறிந்துவிட்டு வேறு பாட்டைத் தேடிப் போய்விடுவார்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் ஒலிகளையும் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் என்சி, என்டி இரண்டையுமே ஏற்பதில்லை.

என் தேர்வு சிசி-பை அல்லது சிசி-பை-எஸ்ஏ (சிசி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ்). பெயர் போட்டால் போதும் என்பது முதலாவது. தழுவியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது இரண்டாவது. கலைஞர் தயங்கினால் பை-என்சி-எஸ்ஏவரை இறங்கி வரலாம். எதுவானாலும் 2013-இல் வந்த 4.0 பதிப்பையே போடுங்கள். தெரியாமல் மீறியவர், மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்ற நல்ல ஏற்பாடு அதில் இருக்கிறது.

கேள்வி: என்சி உரிமம் போட்டுவிட்டு ‘விருப்பப்பட்ட தொகை கொடுங்கள்’ என்று கேட்டால் நம் உரிமத்தை நாமே மீறியது ஆகாதா?

ஆகாது. உரிமம் கட்டுவது வாங்கிக்கொள்பவரை, உரிமையாளரை அல்ல. ஆனால் இங்கே உரிமையாளர் கலைஞர், லேபிள் அல்ல. காசு வரும் வழி ஒன்றை நீங்கள் திறந்தால், அதற்குக் கலைஞரின் சம்மதம் தனியாக வேண்டும்.

கேள்வி: நண்பர்கள்தானே, ஒப்பந்தம் எல்லாம் எதற்கு?

நண்பர்கள் என்பதால்தான். வக்கீல் வேண்டாம், ஒரு மின்னஞ்சலும் அதற்கு ‘சம்மதம்’ என்ற பதிலும் போதும். ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்:

‘இந்தப் பதிவில் உள்ள எல்லா ஒலிகளும் என்னுடையவை, அல்லது இணைத்துள்ள பட்டியலில் உள்ள உரிமத்தில் பெற்றவை. உடன் வாசித்தவர்கள் அனைவரும் சம்மதித்திருக்கிறார்கள். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். சிசி-பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இதை வெளியிட லேபிளுக்கு அனுமதி தருகிறேன்; இது லேபிளுக்கு மட்டுமான அனுமதி அல்ல. இந்த உரிமத்தைப் பின்னால் திரும்பப் பெற முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பாடல்களை கன்டென்ட் ஐடியில் பதிய மாட்டேன். நான் எந்த ராயல்டி வசூல் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை.’

கன்டென்ட் ஐடி என்பது, பதிந்த இசை வேறொருவர் வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் ஏற்பாடு. கடைசி வரியையும் அலங்காரத்துக்குப் போடவில்லை. பல நாடுகளில் வசூல் சங்கத்தில் சேரும்போதே படைப்பாளி தன் உரிமைகளைச் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். ஜெர்மனியின் கெமா அப்படித்தான். உறுப்பினரின் எல்லாப் படைப்புகளும் அதற்குள் அடங்கிவிடும். தன் கையில் இல்லாத உரிமையை அவர் சிசியில் கொடுக்க முடியாது. உறுப்பினர் என்று சொன்னால் முதலில் சங்க விதியைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வானொலிக் குரல்கள், ஒலிகளை இலவசமாகப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்த துண்டுகள் எல்லாம் கலந்த கொலாஜ் ஒன்று வந்திருக்கிறது. வெளியிடலாமா?

துண்டு துண்டாகப் பட்டியல் கேளுங்கள்: ஒலியின் பெயர், செய்தவர், எடுத்த இடம், உரிமம். ஃப்ரீசவுண்டில் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றல்ல. எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 என்றால் கேள்வியே இல்லை. பை என்றால் பெயர் போட வேண்டும். பை-என்சி துண்டு ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுப் பாட்டையும் வணிகத்துக்குத் திறந்துவிட முடியாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் பை-என்சி போட்டுவிட்டு, வெளியீட்டுப் பக்கத்தில் அதைத் தனியாகக் குறியுங்கள்.

வானொலிக் குரல்தான் சிக்கல். அதில் ஒரு பாட்டுத் துண்டு இருந்தாலே இரண்டு உரிமை இருக்கிறது: இயற்றியவருடையது, பதிவு செய்தவருடையது. ‘நாலு நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அப்படிப் பொதுவான விதி எதுவும் இல்லை. நியாயமான பயன்பாடு என்று வாதாட சில நாடுகளில் இடம் இருக்கலாம். ஆனால் உலகம் முழுக்க ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று உரிமம் தரும் நீங்கள், பின்னால் எடுத்துப் பயன்படுத்துபவரையும் சேர்த்தல்லவா மாட்டிவிடுகிறீர்கள்? அனுமதி இல்லாத துண்டு இருந்தால், எவ்வளவு அழகான கொலாஜாக இருந்தாலும் நான் சிசி முத்திரை குத்த மாட்டேன்.

கேள்வி: கலைஞரிடம் எந்த வடிவத்தில் கோப்பு வாங்குவது? எம்பி3 போதாதா?

எம்பி3 வாங்கவே கூடாது. அதைத் தரம் இழக்கும் வேறு வடிவத்துக்கு மாற்றும்போது, ஏற்கெனவே குறைந்த தரம் மறுபடியும் ஒருமுறை குறையும். தரம் இழக்காத வடிவங்களான 24 பிட் வேவ் அல்லது ஃபிளாக் கேளுங்கள். கணக்கு இதுதான்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10.6 எம்பி, 24 பிட் என்றால் 15.9. கேட்பவருக்குப் போகும் 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி.

எம்பி3யை வேவாக மாற்றி, மூலக் கோப்பு என்று சொல்லி அனுப்புபவர்களும் உண்டு. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் சீவியதுபோல் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நின்றுபோனால், பெரும்பாலும் அது 128 கேபிபிஎஸ் எம்பி3யாக இருந்து வந்தது. ஆனால் கேசட்டில் பதிந்த இசை இயல்பாகவே மேலே மங்கிப்போகும். அதையும் கத்திச் சீவலையும் குழப்பிக்கொண்டு கலைஞர்மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: நாய்ஸ் ஆல்பத்தை ஃபிளாக்கில் போட்டால் வேவ் அளவுக்கே இருக்கிறது. ஏதாவது தப்பா?

தப்பில்லை. அடுத்த ஒலி மாதிரி (நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும் அளவீடுகளில் ஒன்று) என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைப்பதுதான் ஃபிளாக்கின் வேலை. ஒற்றை வீணைத் தந்தியை ஊகிக்கலாம். சுவர்போல் நிற்கும் இரைச்சலை எப்படி ஊகிப்பது? இதே காரணத்தால் எம்பி3க்கும் நாய்ஸ் ஆகாது; குறைந்த பிட்ரேட்டில் தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் கேட்கும். நாய்ஸுக்கு 320-க்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: ஒன்றோடொன்று தொடரும் டிரோன் பாடல்கள். வேவில் சரியாக இருக்கிறது, எம்பி3 ஆனதும் பாட்டுக்குப் பாட்டு ஒரு ‘டிக்’ விழுகிறது.

எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக வெட்டும். பாட்டின் நீளம் அந்தக் கணக்கில் முடியாதபோது மிச்சத்தை வெறுமையால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் தாமதம் சேரும். நிரப்பியது எவ்வளவு என்று, எம்பி3 செய்யும் மென்பொருளான லேம் என்கோடர் கோப்பின் தலைப்பில் எழுதிவைக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிளேயரில் இடைவெளி விழாது, தெரியாததில் விழும். ஃபிளாக், ஆக் வார்பிஸ் என்ற வேறு இரண்டு வடிவங்களிலும் இந்தத் தொல்லை இல்லை.

நம்பகமான வழி: முழுத் தொடரையும் ஒரே நீளக் கோப்பாகவும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. பிரித்துக் கொடுப்பதென்றால் வெட்டும் இடம் அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியாக இருக்கட்டும்.

கேள்வி: ரொம்ப மெதுவாக ஒலிக்கும் களப்பதிவு. சத்தத்தை ஏற்றிவிடவா?

கலைஞரைக் கேட்காமல் கையை வைக்காதீர்கள். மெதுவாக இருப்பதே அந்தப் படைப்பாக இருக்கலாம். லேபிள் பார்க்க வேண்டியது வேறு மூன்று. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கிறதா. தாண்டினால் எம்பி3 ஆகும்போது அலை இன்னும் எகிறி உடையும். அலை நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா; மலிவான ரெக்கார்டரில் இது சகஜம், ஆடாசிட்டியின் நார்மலைஸில் இந்த விலகலை (டிசி ஆஃப்செட்) நீக்கும் வசதி இருக்கிறது. 24-இலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது டித்தர் (வேண்டுமென்றே சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்) போட்டார்களா. போடாவிட்டால் மெல்ல அடங்கும் கடைசி நொடிகளில் மணல் அள்ளிப் போட்டதுபோல் கரகரக்கும். உரத்த ராக்கில் தெரியாத இந்தக் கரகரப்பு டிரோனில் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: பாட்டுப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா? கோப்புப் பெயர் சில இடங்களில் சிதைகிறது.

டேக்கில் (கோப்புக்குள் எழுதும் பாட்டு விவரத்தில்) தமிழ், கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு. இதைத் தாண்ட வேண்டாம். யூனிகோடில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கே கட்டிய ஜிப்பை வேறிடத்தில் பிரித்தால் ‘கோப்பு இல்லை’ என்ற பதில் வருவது இதனால்தான்.

டேக் எழுத எம்பி3டேக் அல்லது பிக்கார்ட் போதும். எம்பி3 டேக்கின் வடிவமான ஐடி3-இன் 2.3 பதிப்பில் தமிழ் வேண்டுமென்றால் குறியாக்கம் யூடிஎஃப்-16 ஆக இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 வந்தது 2.4 பதிப்பில்தான். உரிம முகவரியையும் வெளியீட்டுப் பக்க முகவரியையும் டேக்குக்குள் போடுங்கள். பத்துக் கை மாறிய கோப்பில் கடைசியில் மிஞ்சுவது அது மட்டும்தான்.

கேள்வி: அட்டைப்படம்?

1400 பிக்சல் சதுரத்துக்குக் குறையாமல் செய்து தனிக் கோப்பாகக் கொடுங்கள். டேக்குக்குள் 600 பிக்சல் ஜேபெக் போதும். 10 எம்பி பிஎன்ஜியை 12 பாட்டிலும் ஒட்டி, 120 எம்பி வெறும் படமாகவே அனுப்பும் லேபிள்களும் இருக்கின்றன.

கேள்வி: எங்கே ஏற்றுவது? பேண்ட்கேம்பா, இன்டர்நெட் ஆர்க்கைவா?

இரண்டும். இணைய நூலகமான ஆர்க்கைவ் மூலப் பெட்டகம், இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் கடைவாசல். ஆர்க்கைவில் ஃபிளாக்கை ஏற்றினால் எம்பி3 முதலான வடிவங்களை அதுவே செய்துகொள்ளும். அங்கே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரும் அடையாளப் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. அவசரத்தில் தட்டச்சுப் பிழை விட்டால் அது காலத்துக்கும் நிற்கும். லேபிள் சுருக்கமும் பட்டியல் எண்ணும் சேர்ந்ததையே அடையாளமாக வையுங்கள்.

பேண்ட்கேம்ப் இழப்பில்லாத கோப்பை மட்டுமே ஏற்கும். இலவச இறக்கத்துக்கு மாதத்துக்கு 200 என்று கணக்கு உண்டு. யாராவது பிரபலமானவர் உங்கள் வெளியீட்டைப் பகிர்ந்தால் அது ஒரே மாலையில் தீர்ந்துபோகும். அப்படி நடக்கும் நாளுக்காகவே வெளியீட்டுக் குறிப்பில் ஆர்க்கைவ் இணைப்பையும் முதல் நாளே எழுதிவையுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டைப் பயன்படுத்திய ஒருவருக்கு யூடியூபில் கன்டென்ட் ஐடி உரிமைக் கோரல் வந்திருக்கிறது. நாங்கள் எதையும் பதியவே இல்லையே?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கலைஞர் பிற்பாடு அதே பாட்டை, இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு விநியோகஸ்தர் வழியாகக் கொடுத்து, படிவத்தில் கன்டென்ட் ஐடி பெட்டியையும் டிக் செய்திருப்பார். இல்லையென்றால், கலைஞர் எடுத்த அதே இலவச லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டை) வேறொருவர் தன் பாட்டில் போட்டுப் பதிந்திருப்பார். முதலாவது என்றால் கலைஞர் விநியோகஸ்தரிடம் சொல்லி நீக்க வேண்டும். வீடியோ போட்டவர் ஆட்சேபம் தெரிவிக்கும்போது வெளியீட்டுப் பக்கத்தின் இணைப்பும் உரிமத்தின் பெயரும் தேதியும் தரலாம். அந்த மூன்றும் ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கும்படி செய்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: மூன்று வருடம் கழித்து ஒரு கலைஞர் ‘அதை எடுத்துவிடுங்கள், எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது’ என்கிறார்.

எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து இறக்குவது உங்கள் கையில் இருக்கிறது. ஏற்கெனவே இறக்கியவர்களின் உரிமம் செல்லும் என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். பட்டியலில் எண்ணை விட்டுவைத்து ‘கலைஞர் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி.

கேள்வி: டெமோக்கள் குவிகின்றன. எப்படி மறுப்பது?

இரண்டு வாரத்துக்குள், இரண்டு வரியில், காரணத்தோடு. ‘இது நன்றாக இருக்கிறது, எங்கள் பட்டியலோடு ஒட்டவில்லை’ என்பது முழுமையான பதில்தான். மாதம் ஒன்றுக்கு மேல் வெளியிடாதீர்கள். வாரம் ஒன்று போட்டால் போன வாரத்ததை நீங்களே மறந்துபோவீர்கள்.