கச்சான் காற்றுக்கும் உப்புக்கும் தாங்கும் மண்டபத் தோட்டம்: கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோரத்தில் கல்யாண மண்டபம், ரிசார்ட், விழாத் திடல் நடத்துவோர் கேட்டவை இவை.

கீழக்கரை: ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து 60 அரேகா பாம், கொஞ்சம் ஹெலிகோனியா இறக்கி நட்டோம். ரெண்டே மாசத்தில் இலை நுனி கருகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்து வேண்டாம். நுனியில் தொடங்கி ஓரம் வழியாக உள்ளே கருகினால் பெரும்பாலும் அது உப்பு வேலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் ஈசி மீட்டர் ஒன்று வாங்கி போர் தண்ணீரில் வையுங்கள். 1.5 டெசிசீமென்ஸுக்குள் இருந்தால் (மைக்ரோசீமென்ஸில் காட்டும் மீட்டரில் 1500) நர்சரியில் கிடைப்பதில் பாதிக்கு மேல் வரும். 3-ஐத் தாண்டினால் ஹெலிகோனியா, அரேகா, விசிறி வாழை எதையும் தரையில் வைக்காதீர்கள். தென்னை, காகிதப்பூ, அரளி, ப்ளுமேரியா என்று விற்கும் ஈழத்தலரி ஆகியவை தாக்குப்பிடிக்கும். 5-க்கு மேல் என்றால் தாழை, சங்கங்குப்பி, அடப்பங்கொடிதான்.

மூன்று தவறுகள் இங்கே அடிக்கடி நடக்கின்றன. ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை 'வீணாகிறதே' என்று செடிக்குத் திருப்புகிறார்கள். போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். உப்புத் தண்ணீரை ஸ்பிரிங்ளரில் தெளிக்கிறார்கள். துளி காய்ந்ததும் உப்பு இலையிலேயே நின்று கருக்கும், தண்ணீர் தூரில்தான் விழ வேண்டும். மூன்றாவது மோட்டார். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ஒரேயடியாக 4 மணி நேரம் இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். இடைவெளி விட்டு ஒரு மணி நேரமாக நான்கு தடவை ஓட்டுங்கள்.

அந்த 60 அரேகாவையும் பூந்தொட்டிக்கு மாற்றி, தேக்கி வைத்த மழைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

தேவிபட்டினம்: கடல் பக்கம் 7 அடிச் சுவர் இருந்தும் வாழை கிழிகிறதே, அண்ணே?

சுவரில் மோதிய காற்று மேலேறி, உள்பக்கம் சுழன்று இறங்கும். காற்றைப் பாதி விட்டு, பாதி தடுக்கும் வேலிதான் அடக்கும். அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை பலன் தெரியும். உங்களுடையது பாக் விரிகுடாப் பக்கம், வாடைதான் எதிரி. மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள கீழக்கரை, ஏர்வாடிக்காரர்களுக்குத் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான். வேலி எந்தத் திசையில் என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். வெளி வரிசையில் தாழை, அடுத்து 6 அடிக்கு ஒரு பூவரசம் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை), உள்ளே புன்னை, கடைசியில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சங்கங்குப்பி. முதல் வருஷம் மட்டும் வெளியே 50 சதவீத நிழல்வலை. தாழை முள் சும்மா விடாது. நடைபாதையிலிருந்து 6 அடி தள்ளி வையுங்கள்.

ஏர்வாடி: குழியில் தென்னை நார்க்கழிவு போடலாமா?

கழுவியதாக இருந்தால் போடலாம். பச்சை நார்க்கழிவிலேயே உப்பு இருக்கிறது, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தடவை அலசுங்கள். 3 அடிக் குழியின் அடியில் ஊறவைத்த தேங்காய் மட்டையைக் குழிவு மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பி, அதன்மேல் செம்மண், மக்கிய தொழு உரம், நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நடவு புரட்டாசிக் கடைசியில். ஐப்பசி மழை உப்பைக் கீழே தள்ளிவிடும். சித்திரையில் நட்டுவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள்.

பாம்பன்: 5,000 சதுர அடிக்குப் புல்தரை?

இந்தத் தண்ணீருக்கு அது பேராசை. 1,500 போதும், மீதி மணலாகவே இருக்கட்டும். கடற்கரைக்கு மணல் அழகுதான். புல்லில் சீஷோர் பாஸ்பாலம் உப்பை நன்றாகத் தாங்கும், அடுத்தது பெர்முடா. விழாவுக்கு மூன்று நாள் முன் வெட்டுங்கள், முந்தின நாளே தண்ணீரை நிறுத்துங்கள். ஈரத்தில் நாற்காலிக் கால் புதையும். பந்தல் கால் ஊன்றுகிறவர் சொட்டுநீர்க் குழாயைக் குத்தாமலிருக்க, குழாய் போகும் வழியில் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிடுங்கள். கார்ப்பெட்டை அன்று இரவே சுருட்ட வேண்டும், இல்லையென்றால் புல் மஞ்சளாகும். சாம்பார் கொட்டின இடத்தில் உடனே நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள்.

உச்சிப்புளி: 40 அடி மேடைக்கு எத்தனை தொட்டி?

பின்வரிசையில் 5 அடி உயர அரேகா, இரண்டரை அடிக்கு ஒன்று: 17. முன்வரிசையில் குரோட்டன்ஸ், அடிக்கு ஒன்று: 41. உடைசலுக்கு இன்னும் 6 சேருங்கள். நிழல்வலைக்குள் வளர்ந்ததை நேரே வெயிலில் வைத்தால் வெந்துவிடும். பத்து நாள் முன்பே காலை வெயிலுக்குப் பழக்குங்கள். காற்றில் சாயாமலிருக்க, ஒவ்வொரு தொட்டியையும் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்புங்கள். ஹாலஜன் விளக்கையும் ஜெனரேட்டர் புகைக்குழாயையும் தள்ளியே வையுங்கள். விழா முடிந்த காலை இலைகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

மண்டபம்: பந்திக்கூடத்துக்கு ஓரமாக அரளி?

வேண்டாம். எல்லாப் பாகமும் விஷம். குழந்தைகள் பறித்து வாயில் வைக்கும். மதிலோரத்தில் இருக்கட்டும். பந்திப் பக்கம் செம்பருத்தி வையுங்கள். கூட்டம் உட்காரும் இடத்தில் தென்னை இருந்தால் ஒரு வாரம் முன்பே முற்றின காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள்.

மறுபடி கீழக்கரை: கரையை ஒட்டின மணல்மேட்டைச் சமப்படுத்திப் புகைப்பட இடம் அமைக்கலாமா?

கூடாது. கடலோர ஒழுங்குமுறை விதிப்படி மணல்மேடு கடும் பாதுகாப்புள்ள பகுதி. அதிலுள்ள அடப்பங்கொடியைப் பிடுங்கினால் மேடு உங்கள் மண்டபத்துக்குள்தான் பறந்து வரும். மேட்டின் உள்சரிவுக்கு இந்தப் பக்கம் பலகைத் தளம் போட்டு, ஊதாப் பூவோடு கொடியையே பின்னணியாக எடுங்கள். அந்தப் பூ காலையில் விரிந்து வெயில் ஏற வாடிவிடும், அதனால் படம் எடுப்பதைக் காலையிலேயே வையுங்கள்.