மூக்கில் பொருக்கு, கையில் அரிப்பு

கேள்வி: எங்கள் முயல்களுக்கு மூக்கிலும் பாதங்களிலும் வெள்ளைப் பொருக்குத் தட்டியிருக்கிறது. வேப்பெண்ணெய் தடவியும் போகவில்லை. மகள் கையிலும் அரிப்பு. என்ன நோய்?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சொறிதான் அம்மா. சார்காப்டிஸ் என்ற நுண்ணுண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. மனிதருக்கும் தொற்றும், மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதுக்குள் பழுப்புப் பொருக்கு அடுக்கடுக்காக இருந்து, முயல் தலையை உதறினால் அது வேறு உண்ணி.

பொருக்கைப் பிய்க்காதீர்கள், பாவம், புண்ணாகிவிடும். கால்நடை மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போடுவார். அது முட்டையைக் கொல்லாது. ஆகவே சுமார் 2 வாரத்தில் மறு ஊசி. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு மருந்தைத் திட்டுபவர்களே அதிகம்! நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். முயலின் உயிரையே பறிக்கக்கூடும்.