பிஎச்பி ஃபைலில் நேம்ஸ்பேஸ் (பெயர்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் பகுதி) போட்டதும், தேதி-நேரத்துக்கான டேட்டைம் கிளாஸ் இல்லை என்கிறதா?

டேட்டைமுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள்: நியூ \டேட்டைம். அல்லது நேம்ஸ்பேஸ் வரிக்குக் கீழே 'யூஸ் டேட்டைம்' என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி பில் ஃபைலில் இந்த எரருக்காக வேறு எதையும் தொட வேண்டாம்.

'நேம்ஸ்பேஸ் மண்டி' என்று போட்டுவிட்டால், அந்த ஃபைலில் வெறும் டேட்டைம் என்பதை பிஎச்பி மண்டி\டேட்டைம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பர்கூரில் நின்று பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டால் பர்கூர் ஸ்டாண்டைத்தானே காட்டுவார்கள்?

கவுண்ட் ஃபங்ஷன் மட்டும் பேக்ஸ்லாஷ் இல்லாமலே எப்படி ஓடுகிறது என்று கேட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி. ஃபங்ஷனும் கான்ஸ்டன்டும் நேம்ஸ்பேஸுக்குள் இல்லையென்றால் பிஎச்பி பொதுவில், அதாவது எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத பெயர்களில், போய்த் தேடும். கிளாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எரர் வரியை முழுசாகப் படித்துப் பாருங்கள். மண்டி\டேட்டைம் என்று இருந்தால் காரணம் இதேதான். நீங்களே எழுதிய கிளாஸின் பெயர் இருந்தால் கிளாஸ் ஃபைலைத் தானாக ஏற்றும் ஆட்டோலோடைப் பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை பிழையைப் பிடிக்க நீங்கள் போட்ட டிரை–கேட்ச் வரிகள்தான். கேட்சில் வெறும் எக்செப்ஷன் என்று இருந்தால் அதுவும் மண்டி\எக்செப்ஷன் ஆகிவிடும். அப்படி ஒரு கிளாஸ் இல்லை என்று பிஎச்பி சொல்லவே சொல்லாது. பிழை பிடிபடாமல் நழுவிவிடும். சீசன் நடுவில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் பில் அப்படியே நின்றுபோகும். அங்கேயும் \எக்செப்ஷன் என்று இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

யூஸ் வரி அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான். இன்க்ளூட் செய்த ஃபைல்களில் தனித்தனியாகப் போட வேண்டும்.