சேலத்தில் வீட்டு மின் பயன்பாட்டைச் சூரிய, காற்றாலை மின்சாரம் கிடைக்கும் நேரத்துக்கு மாற்றுவது எப்படி? ஏற்காட்டுக்கும் பொருந்துமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பில் இரண்டு மாத மொத்த யூனிட்டுக்குத்தான் கட்டணம். பகலுக்கு மாற்றினால் மட்டும் பில் குறையாது. குறைவது மாலையில் எரியும் நிலக்கரி. வெயில் சாயும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கு, ஏசி, கீசர் எல்லாம் ஒன்றாகப் போடுகிறோம். அந்தப் பற்றாக்குறையைப் பெரும்பாலும் மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்கள்தான் ஈடுகட்டுகின்றன. காலை 10 முதல் பிற்பகல் 3 வரை தாராளமாகப் பயன்படுத்துங்கள்; மாலை 6 முதல் 10 வரை தவிருங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை சீசன், அப்போது ராத்திரியிலும் ஓரளவு கைகொடுக்கும்.

மிக்ஸி, கிரைண்டரை விடுங்கள், அவை இழுப்பது சொற்பம். கீசர்தான் முக்கியம். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கக் கிட்டத்தட்ட 1 யூனிட். 2 கிலோவாட் கீசரில் அரை மணி நேரம். 2.15க்குப் போட்டு 3 மணிக்கு நிறுத்தினால் மாலைக் குளியலுக்குச் சூடு தாங்கும். இதைத் தானாகப் போட்டு நிறுத்த டைமர் வைத்தால், அது 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் உருகிவிடும். முள் வைத்த டைமர் கரண்ட் போனால் நின்று, போன நேரம் அளவுக்குப் பின்தங்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

மேட்டூர் தண்ணீர் வரும் தொட்டியிலிருந்து மேல் டேங்குக்கு ஏற்றும் 1 ஹெச்பி மோட்டாரையும் பகலில் ஓட்டலாம். டைமரில் நேரடியாக மாட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் பாய்ந்து டைமருக்குள் இருக்கும் சுவிட்ச் முனைகள் ஒட்டிக்கொள்ளும், மோட்டார் நிற்காது. டைமர் கான்டாக்டரை (அதிக கரண்ட் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை. தொட்டி வற்றினால் நிறுத்த ஃப்ளோட் சுவிட்ச் கட்டாயம். போர்வெல் மோட்டாரின் பச்சைப் பட்டன் பேனலுக்கு இது சரிப்படாது, பட்டனை அழுத்தாமலே மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தேவை.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் டைமர் போடவே கூடாது. ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் போய்விடும்.

ஏற்காட்டுக்கும் இதே நேரம்தான். மூடுபனியில் உங்கள் கூரைப் பேனல் சோர்ந்தாலும், கிரிட்டுக்கு (பொது மின் கட்டமைப்பு) ராமநாதபுரம் மாவட்டம் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்ற இடங்களிலிருந்து மின்சாரம் வருகிறது. அங்கே வெயில் அடித்தால் போதும். மலையில் தண்ணீர் 18 டிகிரியாக இருந்தால் அதே கீசருக்கு 1.2 யூனிட், 37 நிமிடம் ஆகும். டைமரை 2 மணிக்கே வையுங்கள்.